மரப்பு மருந்தும் புற்றுநோயும்

பாக்கு நீரிணையின் கரையில், இராமநாதபுரம் மாவட்டத்துத் திருவாடானை வட்டத்தில் உள்ள பழம்பெரும் பட்டினம் தொண்டி. பாண்டிய நாட்டின் துறைமுகங்களுள் ஒன்றாக அது விளங்கிய காலத்தில், அகில், சந்தனம், கருப்பூரம் முதலிய நறுமணப் பொருள்கள் அங்கிருந்து மதுரைக்குச் சென்ற செய்தி சிலப்பதிகாரத்தில் கூறப்படுகிறது. மரக்கலங்கள் வந்து நின்ற அத்துறையில் இன்று மீன்பிடி படகுகள் நிற்கின்றன. அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் துறையும் இவ்வூரிலேயே அமைந்து, கடல்வாழ் உயிர்களைப் பற்றிய ஆராய்ச்சியை நடத்தி வருகிறது.

படகுகள் கரை சேர்ந்ததும் மீன்கள் தரம் பிரிக்கப்படும். நண்டு ஒரு பக்கம், இறால் ஒரு பக்கம், ஊசிக் கணவாய் ஒரு பக்கம் எனக் கூடைகள் நிறையும். அவ்வேளையில், கண்டவுடனேயே வேண்டாவென்று ஒதுக்கப்படும் மீன் ஒன்று உண்டு. அச்சுறுத்தப்பட்டால் வயிற்றை நிரப்பிக்கொண்டு பந்துபோல் உப்பும் அம்மீனைப் பேத்தை என்பர். அதனை உண்ணலாகாது என்பது மீனவர் வழிவழியாக அறிந்துவைத்துள்ள உண்மை.

பேத்தை மீன்களுள் பல இனங்கள் கொடிய நஞ்சு உடையவை. ஈரலிலும் சினையிலும் அந்நஞ்சு மிகுதி. சில இனங்களில் தோலிலும் உண்டு. சமைத்தாலும் அது கெடுவதில்லை. உண்டவருடைய உதடும் நாவும் முதலில் மரத்துப்போகும். பின்னர்க் கைகால்கள் சோரும். இறுதியில் மூச்சை இயக்கும் தசைகளும் செயலற்றுவிடும். இவ்வளவும் நிகழும்போது பெரும்பாலும் அறிவு மட்டும் தெளிவாகவே இருக்கும் என்பதுதான் கொடுமை. இந்நஞ்சுக்கு மாற்று மருந்து இல்லை. அது உடலைவிட்டு நீங்கும்வரை கருவியால் மூச்சுத் தந்து உயிரைக் காப்பதே மருத்துவர் செய்யக்கூடியது. ஜப்பானிய அறிஞர் யோஷிசுமி தஹாரா 1909-ஆம் ஆண்டில் இந்நஞ்சுக்கு டெட்ரோடோடாக்சின் எனப் பெயரிட்டார்.

பல்லைப் பிடுங்குவதற்கு முன் மருத்துவர் ஈறில் ஓர் ஊசி போடுகிறார். சிறிது நேரத்தில் உதடும் நாவும் மரத்துப்போகின்றன. பேத்தையின் நஞ்சைப்போலவே இம்மருந்தும் தொடங்குகிறது. ஆனால் பரவாமல் ஓரிடத்திலேயே நின்று, ஓரிரு மணியில் நீங்கிவிடுகிறது. கொல்லும் நஞ்சும் நோவு தணிக்கும் மருந்தும் ஒரே வகையான விளைவைத் தருவதற்குக் காரணம் உண்டு. இரண்டும் சென்று அடைக்கும் வாயில் ஒன்றே. அவ்வாயில் புற்றுநோய் அணுக்கள் சிலவற்றிலும் இருப்பது பிற்காலத்தில் தெரியவந்தது. தையல் போடுவதற்கும் பல் பிடுங்குவதற்கும் பயன்பட்டுவந்த ஓர் எளிய மருந்தை மருத்துவ உலகம் புதிய கண்ணோடு நோக்கியதற்கு அக்கண்டுபிடிப்பும் ஒரு காரணமாயிற்று.

அவ்வாயில் இன்னதென அறிவதற்குக் கூடையில் கிடக்கும் கணவாயே துணைசெய்தது. மனித உடலின் நரம்பிழைகள் தலைமயிரைக் காட்டிலும் மிக மெல்லியவை. அவற்றினுள் ஒரு கருவியைச் செலுத்திப் பார்ப்பது அரிது. கணவாய்க்கோ, அது நீரைப் பீச்சியடித்து விரைந்து ஓடுவதற்கு உதவும் நரம்பிழை ஒரு மில்லிமீட்டர் அளவுக்கும் பருத்திருக்கும். ஆலன் ஹாட்கின், ஆண்ட்ரூ ஹக்ஸ்லி என்னும் ஆங்கில அறிஞர் இருவர், பிளிமத் கடற்கரை ஆராய்ச்சி நிலையத்தில் அவ்விழையினுள் மெல்லிய மின்கம்பியைச் செலுத்தி, நரம்பின் வழியே செய்தி செல்லும் முறையை அளந்தறிந்தனர். 1952-இல் வெளிவந்த அவர்களுடைய கட்டுரைகள் உடலியலில் ஒரு புதிய காலத்தைத் தொடங்கிவைத்தன. 1963-ஆம் ஆண்டின் நோபெல் பரிசு அவர்களுக்கு வழங்கப்பட்டது.

அவர்கள் கண்டது இது. உடலின் அணுக்களைச் சூழ்ந்துள்ள நீர் உப்புக் கரிப்பு உடையது. உப்பில் உள்ள சோடியம் நரம்பிழையின் வெளியே மிகுந்தும் உள்ளே குறைந்தும் இருக்கிறது. இழையின் உட்புறம் வெளிப்புறத்தைக் காட்டிலும் ஏறத்தாழ 70 மில்லிவோல்ட் எதிர்மின் நிலையில் உளது. இழையின் ஓரிடத்தில் தூண்டுதல் ஏற்பட்டதும், அவ்விடத்தில் சோடியம் நுழையும் வழி திறக்கிறது; வெளியே காத்திருந்த சோடியம் உள்ளே பாய்கிறது; உடனே அடுத்த இடத்தின் வழியும் திறக்கிறது. வரிசையாக நிறுத்திய செங்கற்களுள் முதற் கல்லைத் தள்ளினால் ஒன்றன்மேல் ஒன்றாகக் கடைசிக் கல்வரை சாய்வது போல, இம்மாறுதல் நரம்பின் நெடுக ஓடுகிறது. முள் குத்திய கால்விரலின் நோவு மூளையை எட்டுவது இவ்வாறே. சோடியம் நுழையும் வழிகள் கோட்டைக் கதவில் அமைந்த திட்டிவாசல்களை ஒத்த நுண்ணிய புரதங்கள் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. அவற்றைச் சோடிய வாயில்கள் எனலாம்.

1964-ஆம் ஆண்டில் டோஷியோ நராஹாஷி என்பவரும் அவருடைய துணைவர்களும், பேத்தை மீனின் நஞ்சு இவ்வாயில்களை மட்டும் தேர்ந்து அடைக்கிறது என்பதை மெய்ப்பித்தனர். அந்நஞ்சு வெளியிலிருந்து வந்து வாயிலின் முகப்பில் தக்கைபோல் செருகிக்கொள்கிறது. மரப்பு மருந்தின் வழி வேறு. அஃது அணுவின் சவ்வைக் கடந்து உள்ளே புகுந்து, உட்புறத்திலிருந்து வாயிலை அடைக்கிறது. வாயில் அடைபட்டால் செய்தி செல்லாது. செய்தி செல்லாவிடின் நோவும் இல்லை.

மரப்பு மருந்துகளின் வரலாறு தென் அமெரிக்க மலைநாட்டில் தொடங்குகிறது. அங்குள்ள மக்கள் கோகா என்னும் செடியின் இலையை நெடுங்காலமாக மென்று வந்தனர். அவ்விலையிலிருந்து பிரித்தெடுத்த கோகெயினைக் கண்ணில் இட்டால் கண் உணர்விழக்கும் என்பதை வியன்னா நகர மருத்துவர் கார்ல் கோலர் 1884-இல் கண்டார். கண்ணில் அறுவை செய்வது அதன்பின் பெரிதும் எளிதாயிற்று. ஆனால் கோகெயின் பழகியவரை அடிமையாக்கும் தீய பொருள். ஆகவே அதன் நற்பயனை மட்டும் தரும் வேறு பொருளை அறிஞர் தேடினர்.

அத்தேட்டத்தில் ஒரு சிறு நிகழ்ச்சி சுவையானது. சுவீடன் நாட்டில் வாற்கோதுமைப் பயிரில் உள்ள ஒரு வேதிப்பொருளை ஆராய்ந்துகொண்டிருந்த ஹோல்கர் எர்ட்மன், அதனை ஒத்த பொருள் ஒன்றைச் செய்து, வழக்கப்படி நாவில் வைத்துப் பார்த்தார். நாக்கு மரத்துப்போயிற்று. அக்காலத்து வேதியியலார்க்குத் தாம் செய்த பொருளைச் சுவைத்துப் பார்க்கும் பழக்கம் இருந்தது. இன்று எந்த ஆய்வுக்கூடத்திலும் அதற்கு இடமில்லை. எர்ட்மனுடைய மாணவராகிய நில்ஸ் லோஃப்கிரன் அவ்வழியிலேயே மேலும் பல பொருள்களைச் செய்து பார்த்து, 1943-இல் லிடோகெயினை உருவாக்கினார். பெங்ட் லுண்ட்குவிஸ்ட் என்னும் இளைஞர் அதனைத் தம் உடலிலேயே ஏற்றிச் சோதித்தார். 1948-இல் அம்மருந்து விற்பனைக்கு வந்தது. இந்திய மருத்துவமனைகளில் லிக்னோகெயின் என்று வழங்குவதும் இதுவே. உலக நலவாழ்வு நிறுவனத்தின் இன்றியமையா மருந்துகளின் பட்டியலில் இதற்கு இடமுண்டு. விலை மலிவு, காயத்துக்குத் தையல் போடும் சிற்றூர் மருத்துவமனைகளிலும் இதனைக் காணலாம்.

இனி, புற்றுநோயின் இயல்பைச் சிறிது அறிதல் வேண்டும். உடலின் அணுக்கள் ஓர் ஒழுங்குக்கு உட்பட்டுப் பெருகுகின்றன. தேவை முடிந்ததும் பெருக்கத்தை நிறுத்துகின்றன. இவ்வொழுங்கை மீறிப் பெருகும் அணுக்கள் கட்டியாகத் திரள்கின்றன. கட்டி ஓரிடத்திலேயே நிற்குமானால், பெரும்பாலும் அதனை அறுத்தெடுத்து நோயைத் தீர்த்துவிடலாம். ஆனால் புற்றணுக்கள் சில, தம்மைச் சூழ்ந்த தசையைக் கரைத்துக்கொண்டு வெளியேறிக் குருதியிலும் நிணநீரிலும் கலந்து, எலும்பிலும் நுரையீரலிலும் ஈரலிலும் சென்று குடியேறுகின்றன. கறையான் ஒரு மூலையில் புற்றெடுத்து, மண்ணுக்குள்ளேயே வழிசெய்துகொண்டு மற்றொரு மூலையில் தலைகாட்டுவது போன்றது இது. புற்றுநோயால் உயிரிழப்போருள் மிகப் பலர், முதலில் தோன்றிய கட்டியாலன்றி, இவ்வாறு பரவிய நோயாலேயே இறக்கின்றனர்.

இலண்டன் இம்பீரியல் கல்லூரியில் முஸ்தபா ஜாம்கோஸ் என்பவரும் அவருடைய குழுவினரும் பரவும் அணுக்களையும் பரவாத அணுக்களையும் ஒப்பிட்டு ஆராய்ந்தனர். எலியின் ஆண்மைச் சுரப்பியில் தோன்றிய புற்றணுக்களுள், வேகமாகப் பரவும் வகையில் சோடிய வாயில்கள் இருந்தன; பரவாத வகையில் அவை காணப்படவில்லை. நரம்புக்கு உரியவை எனக் கருதப்பட்ட வாயில்கள் புற்றணுவில் இருப்பது வியப்பளித்தது. அவ்வணுக்கள்மீது பேத்தை மீனின் நஞ்சை மிகச் சிறிதளவு இட்டனர். அவை சூழ்பொருளை ஊடுருவும் ஆற்றல் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. இவ்வாராய்ச்சி 1995-இல் வெளியாயிற்று.

பத்தாண்டுகளுக்குப் பின், 2005-இல், அதே குழுவினர் மனித மார்பகப் புற்றணுக்களிலும் இத்தகைய வாயிலைக் கண்டனர். பொதுவாக அவ்வகை வாயில் இதயத் தசைக்கு உரியது. புற்றணுவில் இருந்ததோ, உடல் முதிர்வதற்கு முற்பட்ட இளம் பருவத்தில் தோன்றும் அதன் வடிவம். வாயிலின் வழியே சோடியம் நுழைவதால், அணுவின் வெளிப்புறம் புளிப்புத்தன்மை அடைகிறது என்றும், சூழ்ந்துள்ள தசையைக் கரைக்கும் நொதிகள் அதனால் விழித்துக்கொள்கின்றன என்றும் ஆராய்ச்சியாளர் விளக்குகின்றனர். பேத்தையின் நஞ்சை மனிதருக்கு இதற்கென ஊட்டுதல் இயலாது. லிடோகெயினோ பல்லாண்டுகளாகப் பழகிய மருந்து. அது கண்ணாடித் தட்டில் வளர்க்கப்பட்ட புற்றணுக்களின் நகர்ச்சியைக் குறைத்தது எனவும், மிகுந்த அளவில் இட்டபோது அவற்றுட் சிலவற்றை மடியச் செய்தது எனவும் பல நாட்டு ஆய்வுக்கூடங்களிலிருந்து செய்திகள் வந்தன.

ஆயினும் கண்ணாடித் தட்டு வேறு. மனித உடல் வேறு. தட்டில் புற்றணுவை அழிக்கும் பொருள்கள் எண்ணற்றவை. அவற்றுள் மருந்தாகத் தேறுவன மிகச் சில. மேலும், தட்டில் இட்ட அளவு லிடோகெயினைக் குருதியில் ஏற்றினால் இதயமும் மூளையும் தாங்கமாட்டா. எனவே, இவ்வளவு செய்திகள் வந்தும், நோயாளிக்கு இதனால் பயன் உண்டா என்னும் கேள்வி விடையின்றியே இருந்தது.

விடை தேடப்பட்ட களத்தை அறியுமுன், அறுவையைப் பற்றி மக்களிடையே உள்ள ஓர் அச்சத்தைக் கூறுதல் வேண்டும். "கத்தி பட்டால் புற்று பரவும்" என்று அஞ்சி, மார்பில் கட்டி இருப்பதை வீட்டாரிடமும் சொல்லாமல் மறைத்து வைக்கும் பெண்கள் உளர். கடற்கரைச் சிற்றூர்களிலிருந்து மதுரைக்கோ சென்னைக்கோ செல்லும் தொலைவும் செலவும் அவ்வச்சத்துக்குத் துணை நிற்கின்றன. நாள்கள் கழிகின்றன, கட்டி வளர்கிறது, மருத்துவமனையை அடையும்போது பிந்திவிடுகிறது. புதுக்கோட்டையில் பிறந்து, மருத்துவம் கற்று, நாட்டுக்கு உழைத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அத்துயரமே 1954-இல் சென்னை அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை எழக் காரணமாயிற்று. பன்னிரண்டு படுக்கைகளோடு தொடங்கிய அதனை வளர்த்தவர்களுள் ஒருவரான டாக்டர் வி. சாந்தா, 2021-இல் மறையும்வரை, தொடக்கத்திலேயே கண்டால் புற்றுநோய் தீரும் என்பதை ஓயாது எடுத்துரைத்தார். மார்பகப் புற்றுக்கு அறுவையே இன்றும் மருத்துவத்தின் முதுகெலும்பு. அதனை அஞ்சி விலக்கியவர் இழந்தது மிகுதி.

மக்களின் அச்சம் தவறானது. எனினும், அறுவை மருத்துவர்களுக்கு வேறொரு கவலை உண்டு. கட்டியைத் தொட்டு, அழுத்தி, அதற்குச் செல்லும் குருதிக் குழாய்களைக் கட்டும்போது, கட்டியினுள் உயிர்வளி குறைகிறது. அணுக்கள் நெருக்கடிக்கு உள்ளாகின்றன. அந்நெருக்கடியில், கட்டி முற்றிலும் வெளியே எடுக்கப்படுவதற்கு முன், ஓரிரு அணுக்கள் தப்பிச் செல்லுமோ? நல்ல முறையில் அறுவை செய்துகொண்டவர்களுள்ளும் சிலர்க்குச் சில ஆண்டுகள் கழித்து நோய் வேறிடத்தில் தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணமாகுமோ? அறுவையைக் கைவிடுவது இதற்கு மருந்தாகாது. கத்தியை எடுப்பதற்கு முந்திய சில நிமிடங்களை நல்ல முறையில் பயன்படுத்த இயலுமா என்று எண்ணுவதே அறிவுடைமை.

அவ்வாறு எண்ணியவர் மும்பை டாடா நினைவு மருத்துவமனையின் மார்பக அறுவை மருத்துவர் ராஜேந்திர பட்வே. பரேல் பகுதியில் 1941-இல் தொடங்கப்பட்ட அம்மருத்துவமனை 1962 முதல் இந்திய அணுசக்தித் துறையின் பொறுப்பில் இருந்து வருகிறது. பட்வே முன்னரே இத்தகைய முயற்சி ஒன்றைச் செய்தவர். அறுவைக்கு முன் புரோஜெஸ்டிரோன் என்னும் சுரப்புநீரை ஒருமுறை ஊசியாக ஏற்றினால் பயனுண்டா என அவரும் துணைவரும் ஆராய்ந்து, 2011-இல் முடிவை வெளியிட்டனர். எல்லாரையும் சேர்த்துக் கணக்கிட்டபோது, எதிர்பார்த்த பயன் தெளிவாகத் தென்படவில்லை. அதற்காக அவர் அக்கேள்வியை விட்டுவிடவில்லை. அதே ஆண்டு டிசம்பரில் லிடோகெயினைக் கொண்டு அடுத்த சோதனையைத் தொடங்கினார்.

செய்முறை மிக எளிது. நோயாளி முழு மயக்கத்தில் ஆழ்ந்தபின், நூற்றுக்கு அரைப் பங்கு வலிமையுள்ள லிடோகெயின் நீர்மத்தைக் கட்டியின் மேலும் கீழும் நாற்புறமும் உள்ள தசையில் ஊசியால் ஏற்றுவர். ஏழு முதல் பத்து நிமிடம் காத்திருப்பர். பின்பு வழக்கம்போல் அறுவை நடைபெறும். மயக்கத்தில் உள்ளவர்க்கு நோவு தெரியாது. ஆகையால் இவ்வூசி நோவைத் தணிப்பதற்கு அன்று. கட்டியின் அணுக்களும் அவற்றைச் சூழ்ந்த நரம்புகளும் கத்தி படுமுன் மருந்தில் நனைந்திருத்தல் வேண்டும் என்பதே கருத்து. கட்டியைச் சுற்றியே ஏற்றுவதால் அங்கு மருந்தின் செறிவு மிகுதி. உடல் முழுவதும் பரவும் அளவோ குறைவு. கண்ணாடித் தட்டுக்கும் மனித உடலுக்கும் இடையே இருந்த பெருந்தடை இவ்வாறு கடக்கப்பட்டது.

பயனை அறிவது எவ்வாறு? ஊசி போட்டுக்கொண்ட ஒருவர் நலமாக இருந்தால், அது ஊசியால் வந்ததா, அன்றி இயல்பாகவே வந்ததா என்று சொல்ல இயலாது. மருத்துவரே ஆள் பார்த்துத் தேர்ந்தெடுத்தால், தம்மை அறியாமலே நோய் குறைந்தவர்க்கு ஊசியைப் போட்டு, முடிவைத் திரித்துவிடக்கூடும். ஆகவே, சோழர் காலத்து ஊரவையில் குடவோலை எடுத்துத் தேர்ந்தது போன்ற முறை கையாளப்பட்டது. எவருடைய விருப்பு வெறுப்புக்கும் இடமின்றி, திருவுளச்சீட்டு விழுந்தபடியே நோயாளிகள் இரு பிரிவினராயினர். இந்தியாவின் பதினொரு புற்றுநோய் மையங்களில், தொடக்க நிலையில் மார்பகப் புற்று உடைய 1,600 பெண்கள் இதற்கு உடன்பட்டனர். 796 பேர் ஊசிப் பிரிவிலும், 804 பேர் ஊசியில்லாப் பிரிவிலும் அமைந்தனர். அறுவைக்குப் பிந்திய மருந்துகளும் கதிர் மருத்துவமும் இரு பிரிவினர்க்கும் வழக்கம்போலவே தரப்பட்டன.

சேர்க்கை 2022 சனவரியில் நிறைவெய்தியது. பத்தாண்டுக் காலம் என்பது ஓர் ஆராய்ச்சிக்கு நீண்டதாகத் தோன்றலாம். ஆனால் புற்றுநோய் மீண்டும் வருவதை அறிய, பெண்கள் ஒவ்வொருவரையும் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்தல் வேண்டும். ஊர் மாறியவர், முகவரி மாறியவர் அனைவரையும் விடாது தேடிக் கண்டு நலம் வினவுவது எளிய தொண்டன்று. இத்தகைய சோதனைகளின் உயிர்நாடி அதுவே. முடிவுகள் 2022 செப்டம்பரில் பாரிஸ் நகரில் நடைபெற்ற ஐரோப்பியப் புற்றுநோய் மருத்துவர் மாநாட்டில் படிக்கப்பட்டன; 2023 ஏப்ரலில் அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் கழகத்தின் இதழில் வெளியாயின.

ஐந்தாண்டு முடிவில், ஊசி போட்டுக்கொண்டவர்களுள் நூற்றுக்கு 86.6 பேர் நோய் மீளாது வாழ்ந்தனர், ஏனையோருள் 82.6 பேர். உயிரோடிருந்தவர் கணக்கு முறையே 90.1, 86.4. நோய் எலும்பு, நுரையீரல் போன்ற தொலைவிடங்களில் தோன்றியது ஊசிப் பிரிவில் 8.5, மற்றதில் 11.6. மருந்தால் தீங்கு நேர்ந்ததாகச் செய்தி இல்லை.

நூற்றுக்கு நான்கு என்பது சிறிய எண்ணாகத் தோன்றக்கூடும். அதனைச் சற்று நின்று எண்ணிப் பார்த்தல் தகும். நூறு பெண்கள் அறுவைக்கு வருகின்றனர். ஊசி இல்லாமலே எண்பத்திரண்டு பேருக்கு மேல் நலம் பெறுகின்றனர். அவர்களுக்கு ஊசியால் ஆவது ஒன்றுமில்லை. பதின்மூன்று பேருக்கு ஊசி போட்டும் நோய் மீள்கிறது. அவர்களுக்கும் அது பயன்படவில்லை. இடையில் நிற்கும் நால்வருக்கே அது வேறுபாட்டைத் தருகிறது. அந்நால்வர் இன்னார் என எவராலும் முன்கூட்டிச் சொல்ல இயலாது. ஆகவே நூற்றுவர்க்கும் போடவேண்டியுள்ளது. இதே அளவு பயனைத் தரும் புதிய புற்றுநோய் மருந்துகளுக்குப் பல இலட்சம் ரூபாய் செலவாவதுண்டு. இதற்கு ஆகும் செலவோ, ஒரு புட்டி மரப்பு மருந்தின் விலையும் பத்து நிமிடக் காத்திருப்புமே. ஏழை நாடுகளின் மருத்துவமனைகள் இச்செய்தியை ஆவலோடு நோக்கியதற்குக் காரணம் இதுதான்.

ஆயினும் அறிவியல் ஒரு முடிவைக் கண்டவுடன் கைதட்டி அமைவதில்லை. அதனைத் துருவித் துருவி வினவும். இச்சோதனையில் ஊசியில்லாப் பிரிவினருக்கு வெறும் உப்புநீர் ஊசிகூடப் போடப்படவில்லை. ஆதலின், கிடைத்த பயன் லிடோகெயினால் மட்டுமே வந்ததா, கட்டியைச் சுற்றி நீர்மம் ஏற்றியதால் ஏற்பட்ட வேறு மாறுதலுக்கும் பங்கு உண்டா என்று கேட்டால், இச்சோதனை அதற்கு விடை கூறாது. சோடிய வாயில் அடைபட்டதே காரணம் என்பதும் ஒரு கருத்தே. நோயாளிகளின் உடலில் அஃது இன்னும் மெய்ப்பிக்கப்படவில்லை. மரப்பு மருந்துக்கு வேறு பல செயல்களும் உண்டு. அழற்சியைத் தணிப்பது அவற்றுள் ஒன்று. அதுவும் துணைசெய்திருக்கலாம். வேறு நாடுகளிலும் இவ்வாறே சோதித்து, இதே முடிவு கிட்டினால்தான் ஐயம் முழுதும் நீங்கும்.

மற்றொரு பெருஞ்சோதனையை இதனோடு ஒப்பிட்டால் உண்மை மேலும் துலங்கும். அமெரிக்க மருத்துவர் டேனியல் செஸ்லர் தலைமையில், எட்டு நாடுகளின் பதின்மூன்று மருத்துவமனைகளில், மார்பகப் புற்று உடைய இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட பெண்களிடம் வேறொரு கேள்வி ஆராயப்பட்டது. அங்கு மரப்பு மருந்து கட்டியைச் சுற்றிப் போடப்படவில்லை. முதுகெலும்பின் அருகே, மார்பிலிருந்து வரும் நரம்புகள் சேரும் இடத்தில் போடப்பட்டது. முழு மயக்கத்துக்கு மாற்றாக இம்முறையைக் கையாண்டால் நோய் மீள்வது குறையுமா என்பதே கேள்வி. 2019-இல் வெளியான விடை, குறையவில்லை என்பது. இரு பிரிவிலும் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு நோய் மீண்டது.

ஏறத்தாழ ஒரே வகை மருந்து, ஒரே நோய், முடிவு மட்டும் வேறு. இரண்டையும் சேர்த்துப் படிப்பவர்க்கு ஒரு கருத்து இயல்பாகத் தோன்றும். முதுகருகே போட்ட மருந்து நோவுச் செய்தியைத் தடுத்தது. ஆனால் கட்டியின் அணுக்களை அது நேரே தொடவில்லை. மும்பையில் போட்ட மருந்தோ கட்டியையே சூழ்ந்து நின்றது. மருந்து எது என்பதைப்போலவே, அஃது எவ்விடத்தில், எந்நேரத்தில் சேர்கிறது என்பதும் முதன்மையானது போலும். பட்வேயின் கருத்துக்கு இவ்வேறுபாடு வலுச் சேர்க்கிறது; ஆனால் மெய்ப்பித்துவிட்டது என்று கூறலாகாது.

இச்செய்தியைத் தவறாகக் கொள்வாரும் உண்டு. மரத்துப்போகச் செய்யும் ஊசி புற்றுநோயைத் தீர்க்கும் என்று இதற்குப் பொருளன்று. கட்டியை அறுத்தெடுக்காமல் இவ்வூசியை மட்டும் போட்டுக்கொள்வதால் நோய் தீரும் என எவரும் காட்டியதில்லை. வீட்டில் பயன்படுத்தும் மரப்புக் களிம்புகளுக்கும் இதற்கும் தொடர்பில்லை. லிடோகெயின் அளவு மிஞ்சினால் வலிப்பு வரும், இதயம் தடுமாறும். மும்பைச் சோதனையிலும் நோயாளியின் உடல் எடைக்கு ஏற்பவே மருந்தின் அளவு வரையறுக்கப்பட்டது. அறுவை மருத்துவரின் கையில், அறுவைக் கூடத்தில், அறுவைக்கு முன் தரப்படும் ஒரு துணை மருந்து என்பதே அதன் இடம்.

மார்பகத்தில் கண்டது குடலிலும் பிற உறுப்புகளிலும் பொருந்துமா என்பது தனிக் கேள்வி. வயிற்றினுள் ஆழ்ந்து கிடக்கும் கட்டியைச் சுற்றி ஊசி போடுவது மார்பில் போடுவதைப்போல் எளிதன்று. ஆகவே, குடற்புற்று அறுவையின்போது லிடோகெயினைக் குருதிக் குழாயின் வழியே சிறிது சிறிதாகச் செலுத்திப் பார்க்கும் சோதனையை ஆஸ்திரேலிய மருத்துவர்கள் பிற நாட்டினரோடு சேர்ந்து தொடங்கினர். அம்முறையில் கட்டியை அடையும் மருந்து மிகக் குறைவு. அவ்வளவும் போதுமா, அன்றிக் கட்டியைச் சுற்றியே நனைத்தல் வேண்டுமா என்பதை அறிய, அங்கும் நோயாளிகளை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து பார்த்தல் வேண்டும்.